இன்சூரன்ஸ் கம்பெனி சொல்ற முதல் தொகைக்கு உடனே தலையாட்டாதீங்க!



எஸ்.ஐ.பி., டேர்ம் பாலிசி, டாக்ஸ் எல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசிட்டோம். இன்னைக்கு யாரும் பேச விரும்பாத ஒரு விஷயம். உங்க பெரிய சொத்து எதுன்னு கேட்டா மியூச்சுவல் ஃபண்டையோ பி.எஃப்.பையோ சொல்வீங்க. உண்மையில அது, இன்னும் முப்பது வருஷம் சம்பாதிச்சுத் தரப்போற உங்க உடம்புதான். பைக்ல ஆபீஸ் போற வழியில, வேறொருத்தர் தப்பால அதுக்கு அடிபட்டா, நஷ்ட ஈடு கேட்கிறது பேராசை இல்ல. இழந்த சொத்துக்குக் கணக்கு கேட்கிறீங்க, அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான்: சமரசம் தப்பே இல்ல. சொந்தமா ஒரு கணக்கு போடாம சமரசத்துக்கு உட்காருறதுதான் தப்பு.

முதல் பேரம் ரோட்டுலயே நடக்கும்

"போலீஸ் கேஸெல்லாம் எதுக்கு தம்பி? பத்தாயிரம் தர்றேன், வண்டியைச் சரி பண்ணிக்கோங்க." இதை ஏத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா, ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு தெரிய வரலாம். அப்போ எஃப்.ஐ.ஆர். இருக்காது, சாட்சி இருக்காது. "அவரே வழுக்கி விழுந்தாரு"ன்னு கம்பெனி வக்கீல் சொன்னா, மறுக்க உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

அதனால முதல் நாளே ரெண்டு வேலை. ஒண்ணு, புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்க. ரெண்டு, ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பியில என்ன எழுதுறாங்கன்னு கூட வந்தவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. "பைக்கிலிருந்து விழுந்தார்"னு எழுதுறதுக்கும் "கார் மோதியதில் காயம்"னு எழுதுறதுக்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

இன்னொண்ணு. "பாலிசியில லிமிட் இவ்ளோதான் சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எதிர் வண்டியோட தேர்டு பார்ட்டி பாலிசியில், உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உச்சவரம்பு கிடையாது. 7.5 லட்சம்ங்கிற வரம்பு, சேதமான பொருளுக்கு மட்டும்தான்.

ஆஃபர் எப்படி வரும்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இருக்கிற நஷ்ட ஈட்டு விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இப்போ 149-வது பிரிவுப்படி, விபத்துத் தகவல் கிடைச்சதும் கம்பெனி ஒரு அதிகாரியை நியமிக்கணும். அவர் 30 நாளுக்குள்ள தீர்ப்பாயத்தின் முன்னாடி ஒரு தொகையைச் சொல்லணும். நீங்க ஒத்துக்கிட்டா அது பதிவாகும், அடுத்த 30 நாளுக்குள்ள பணம் வரணும். ஒத்துக்கலைன்னா விசாரணை நடக்கும். அதாவது, வேண்டாம்னு சொல்றதால உங்க உரிமை எதுவும் போகாது.

ஆனா ஒத்துக்கிறதால உரிமை போகலாம். 164-வது பிரிவுல, தப்பு யார் மேலன்னு நிரூபிக்காமலே படுகாயத்துக்கு 2.5 லட்சம் கிடைக்கும். கேட்க நல்லா இருக்கும். ஆனா 149 வழியா அந்தத் தொகையை ஏத்துக்கிட்டா, முழு நஷ்ட ஈடு கேட்டு 166-வது பிரிவுல நீங்க போட்ட மனு அத்தோட காலாவதி. உங்க உண்மையான இழப்பு பத்து லட்சம்னா, மீதி ஏழரை லட்சத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டீங்கன்னு அர்த்தம்.

மனு போட சட்டத்தில் எழுதியிருக்கிற கெடு, விபத்து நடந்து 6 மாசம். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடக்குது, ஆனா உங்க கேஸை வெச்சு அதைச் சோதிச்சுப் பார்க்காதீங்க. உளுந்தூர்பேட்டையில அடிபட்டாலும், நீங்க வசிக்கிற ஊர் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

50 ஆயிரமா, 11 லட்சமா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். வயசு 27, மாதச் சம்பளம் 40,000. கால் எலும்பு முறிஞ்சு, மெடிக்கல் போர்டு 10% நிரந்தர ஊனம்னு சான்று கொடுக்குதுன்னு வைப்போம். இந்த 10%-ஐ ரெண்டு விதமாப் பணமாக்கலாம்.

முதல் வழி, சதவீத முறை. ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம்னு ஒரு தொகை. 5,000 ரூபாய்னு வெச்சா மொத்தம் 50,000. கதை முடிஞ்சது.

ரெண்டாவது வழி, மல்டிப்ளையர் முறை. வருஷ வருமானம் 4,80,000. எதிர்கால வளர்ச்சிக்காக 40% சேர்த்தா 6,72,000. அதில் 10% இழப்பு 67,200. சர்லா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் கொடுத்த அட்டவணைப்படி 26-30 வயசுக்கு 17-ஆல் பெருக்கணும். வர்றது 11,42,400. நிரந்தர வேலைன்னா, 40 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 50% சேர்க்கணும்னு பிரணய் சேத்தி வழக்கு (2017) சொல்லுது. அப்போ 12,24,000.

அதே கால், அதே சான்றிதழ். ஒரு பக்கம் 50 ஆயிரம், இன்னொரு பக்கம் 11 லட்சத்துக்கு மேல. மொத்தப் பேரமும் இந்த இடைவெளியிலதான் நடக்குது.

எந்த முறைன்னு எது முடிவு பண்ணும்? ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம்ங்கிறது வேற, அதனால சம்பாதிக்கிற திறன் எத்தனை சதவீதம் குறைஞ்சதுங்கிறது வேற. ஒரு கை போன டிரைவருக்குப் பிழைப்பே போயிடும். அதே கை போன கிளார்க் அதே வேலையில தொடரலாம்.

மாதச் சம்பளக்காரங்க சிக்குற இடம் இதுதான். "இவரு இப்பவும் அதே கம்பெனியில அதே சம்பளத்துல இருக்காரே, என்ன இழப்பு?"ன்னு எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். பதில் உங்க கையில பேப்பரா இருக்கணும்.

என்னென்ன பேப்பர்?

* சம்பள இழப்பு: எல்.ஓ.பி. போட்ட மாதங்களோட பே ஸ்லிப். லீவு எடுத்து சமாளிச்சிருந்தா, கரைஞ்ச லீவுக்கும் ஹெச்.ஆர். கடிதம் வாங்கிக் கேளுங்க.
* வளர்ச்சி இழப்பு: கைவிட்டுப் போன இன்சென்டிவ், தள்ளிப்போன அப்ரைசல், ஃபீல்டு வேலையிலிருந்து டெஸ்க்குக்கு மாத்தின இமெயில்.
* வருமானச் சான்று: ஃபார்ம் 16, ஐ.டி.ஆர்., பேங்க் ஸ்டேட்மென்ட். பேச்சுல கைக்கு வர்ற தொகையைச் சொல்லாதீங்க. பி.எஃப். பிடித்தமும் உங்க வருமானம்தான்.
* இனி வரப்போற செலவு: பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேணும்னா, டாக்டர்கிட்ட எழுத்துல மதிப்பீடு வாங்குங்க.
* சின்னச் செலவுகள்: ஆட்டோ, பிசியோதெரபி, பார்த்துக்க ஆள், சத்தான சாப்பாடு. எல்லாத்துக்கும் கோர்ட்டுல தலைப்பு உண்டு.

ஆபீஸ் மெடிக்கிளைம்ல பில் செட்டில் ஆகியிருந்தா ஒரிஜினல் அங்க போயிருக்கும், சான்றிட்ட நகல் வாங்கி வைங்க. மெடிக்கிளைம் பணத்தை நஷ்ட ஈட்டிலிருந்து கழிக்கக் கூடாதுன்னு மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் சொல்லியிருக்கு. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனா வாதத்துக்கு உதவும்.

எப்போ ஒத்துக்கலாம்?

காயம் முழுசா ஆறிடுச்சு, நிரந்தர ஊனம் இல்ல, பில்லும் சில வாரச் சம்பளமும்தான் இழப்புன்னா, லோக் அதாலத்தில் முடிச்சுட்டுப் போங்க. அதுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தா, போடுற லீவே நஷ்டம்.

நிரந்தரப் பாதிப்பு இருந்தா, சிகிச்சை முடிஞ்சு ஊனச் சான்று கைக்கு வர்ற வரைக்கும் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீங்க. லோக் அதாலத் முடிவுக்கு அப்பீல் கிடையாது. "அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கிற பேச்சுக்கே அங்க இடமில்ல.

காத்திருந்தா நஷ்டம்னு பயமுறுத்துவாங்க. அது பாதி உண்மைதான். மனு போட்ட நாளிலிருந்து தீர்ப்பாயம் வட்டி கொடுக்கும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5%. எஃப்.டி. அளவுக்கு வளருதுன்னு வைங்க. ஆனா ரிஸ்க்கும் உண்டு: ஹெல்மெட் போடலை, உங்க மேலயும் தப்புன்னு ஒரு பங்கைக் குறைக்கலாம், கம்பெனி அப்பீல் போகலாம். அதனால உங்க கணக்கு 8 லட்சம்னா, 6.5-க்கு இன்னைக்கே முடிக்கிறது புத்திசாலித்தனமா இருக்கலாம். 2-க்கு முடிக்கிறது அப்படி இல்ல. போகுறதுக்கு முன்னாடி, இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்னு ஒரு தொகையைப் பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வைங்க.

கடைசியா, ஆஸ்பத்திரி வாசல்ல விசிட்டிங் கார்டு நீட்டுறவங்க. "ஜெயிச்சா இத்தனை பர்சென்ட் கொடுங்க"ன்னு வக்கீல் ஃபீஸ் பேசுறதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கலை. ஃபீஸை முன்னாடியே தொகையாப் பேசுங்க. வெற்றுப் பேப்பர்ல கையெழுத்து வேண்டாம். நஷ்ட ஈடு உங்க பேங்க் அக்கவுண்டுக்கே வரட்டும்.

எதிர்ல உட்கார்ற அதிகாரி கெட்டவர் இல்ல. கம்பெனி பணத்தை மிச்சம் பிடிக்கிறது அவரோட வேலை. உங்க பணத்தைப் பார்த்துக்க அந்த மேஜையில இருக்கிற ஒரே ஆள் நீங்கதான்.

இது பொதுவான தகவல்தான், உங்க கேஸுக்கு நல்ல வக்கீலைப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. தினமும் பைக் ஓட்டுற ஒரு நண்பருக்கு இதை இன்னைக்கே அனுப்பி வைங்க.