கூலி வாங்கியவர் கதவைத் திறக்கட்டும்!

கூகுள் நிறுவனம் 2012 ஏப்பிரல் 24-இல் தன் இணையச் சேமிப்பகமாகிய கூகுள் இடிரைவைத் தொடங்கியது. விண்டோசு, மேக்கு இரண்டிற்கும் உடனே செயலி வந்தது. இலினக்சிற்கும் அணியமாகி வருகின்றது என்றனர். அஃது இன்றுவரை வரவேயில்லை!

விலையின்றிக் கிடைக்கும் 15 கிகாபைட்டிற்கு மேல் இடம் வேண்டுவோர் திங்கள்தோறும் பணங்கட்டுகின்றனர். இலினக்சுப் பயனர் என்பதற்காக அதில் ஒரு காசும் குறைவதில்லை. ஆயினும், கணினியிலுள்ள கோப்புகளைத் தானே ஒத்திசைக்கும் செயலி அவர்க்கு இல்லை. உலாவியைத் திறந்து கையாலே ஏற்றி இறக்கல் வேண்டும். இன்றேல், இன்சிங்கு போலும் பிறர் செயலிக்குத் தனியே பணங்கொடுத்தல் வேண்டும். அல்லது, தன்னார்வலர் ஆக்கிய ஆர்குளோனைக் கட்டளை வரிகளால் இயக்கக் கற்றல் வேண்டும். குடிக்கூலியை முழுதும் வாங்கிக்கொண்டு, பலகணி வழியே ஏறி வா என்கின்றான் வீட்டுக்காரன்!

இலினக்சுப் பயனர் மிகச் சிலரே என்பர். சிலராயின், அவரிடம் பணம் மட்டும் வாங்குவானேன்? எண்ணிக்கை காட்டி ஒதுக்கப்படுதல் நமக்கும் புதிதன்று.

இயலாமை என்றும் சொல்லவியலாது. ஆண்டிராய்டும் குரோம் இயங்குதளமும் இலினக்சுக் கருவின்மேல் எழுந்தவையே. தம் பொறியாளர்க்கெனவே தெபியான் வழிப்பட்ட இலினக்சு வகையொன்றை அந்நிறுவனத்தார் வைத்துள்ளனர். பல்லாயிரவர் கூடி உழைத்துப் பொதுவில் வைத்ததை அடிக்கல்லாக்கிக் கொண்டவர்க்கு, அதன் பயனர்க்கு ஒரு செயலி செய்து தர மனமில்லை!

செயலியைத் தருக! அன்றேல், இலினக்சிற்குத் தரமாட்டோம் என்பதைப் பணம் வாங்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுக!