அந்தச் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்

மாரடைப்புக்குப் பின் புறநோயாளிப் பிரிவுக்கு முதன்முறை வருபவர்கள் எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முட்டை உண்ணலாமா, மாடிப்படி ஏறலாமா, வெளியூர்ப் பயணம் போகலாமா என்று கேட்பார்கள். சென்ற ஆடி மாதம் வந்த பெரியவர் ஒருவர் இவற்றில் எதையும் கேட்கவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எக்கோ பரிசோதனை நன்றாக இருந்தது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தன. ஆனால் மனிதர் வாடிப்போயிருந்தார். "என் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க டாக்டர்" என்றார். உடன் வந்த மகன், "நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க" என்று டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டினார்.

'கடினமான வேலைகளைத் தவிர்க்கவும்' என்று அதில் இருந்தது. கீழே எங்கள் கையொப்பம். பல ஆண்டுகளாக எல்லோருக்கும் எழுதிவரும் வரி அது. எது கடினம், எது எளிது என்று நாங்கள் விளக்கவில்லை. வீட்டார் தங்களுக்குத் தோன்றியபடி பொருள்கொண்டார்கள். அவர்களைக் குறை கூற எங்களுக்கு முகமில்லை. தினமும் காலையில் பால் வாங்கவும், மார்க்கெட்டுக்குச் செல்லவும், பணிமனை நண்பர்களைப் பார்க்கவும் நாற்பது ஆண்டுகள் ஓடிய வண்டி அது. அது போன பிறகு அவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. (பெரியவரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம்.)

சமதளத்தில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் நிதானமாக மிதிப்பது, இதயத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ விரைந்த நடைக்கு நிகரான உழைப்பு. நடக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வதில் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்களாலும் உடல் பருத்தவர்களாலும் அந்த நேரத்தை நடந்தே கழிக்க இயலுவதில்லை. சைக்கிளில் உடலின் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் அவர்களும் அதை எட்ட முடிகிறது. எலும்புக்கு வலுவூட்ட மட்டும் சைக்கிள் போதாது. அதற்கு நடையும் வேண்டும்.

எங்கள் பிரிவில் மூவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் முக்கொம்புவரை ஓட்டிவருகிறோம். மூன்றும் எஃகு பிரேம் கொண்ட ரோடு சைக்கிள்கள். ஒன்றுதான் புதிதாக வாங்கியது. மற்ற இரண்டும் பிறர் ஓட்டிச் சலித்தவை. இலட்சக்கணக்கில் கொடுத்துக் கார்பன் வண்டி வாங்கிய நண்பர்கள், இந்த இரும்பை ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று கேலி செய்வதுண்டு. அவர்களுடையது ஏழெட்டுக் கிலோ, எங்களுடையது பத்து, பதினொன்று. அந்த மூன்று கிலோவை எங்கள் மூவரின் இடுப்பிலிருந்தே எளிதாகக் குறைக்கலாம் என்பது வேறு செய்தி.

எஃகை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. குழாயின் இரு முனைகளிலும் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுக்கும் முறைக்கு, இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை பெற்றார். பொருத்தும் இடத்தில் வலிமை, மற்ற இடத்தில் எடைக்குறைவு. 1935-இல் அந்த நிறுவனமே மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் எஃகுக் குழாயைக் கொண்டுவந்தது; பந்தய வண்டிகள் பல பத்தாண்டுகள் அதில்தான் ஓடின. நம் ஊரில் அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் இவற்றைவிடக் கனமானவை. ஆயினும் குழாயைக் கூட்டினுள் செருகிப் பற்றாசு வைத்து இணைக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் அப்பா ஓட்டிய வண்டியும் நாங்கள் ஓட்டுவதும் அண்ணன் தம்பிதான்.

எஃகு முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். ஒரு வரம்புக்குட்பட்ட அதிர்வை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்திற்கு இந்த இயல்பு இல்லை. கார்பன் பிரேம் கீழே விழுந்து அடிபட்டால் வெடிப்பு உள்ளேயே மறைந்திருக்கக் கூடும். எஃகில் வளைந்த குழாயைக் கழற்றி வேறு குழாய் வைக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம்: நல்ல ரோடு சைக்கிளின் குழாய் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் கூட இராது. இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் கொடுத்தால் துளை விழுந்துவிடும். எஃகு வண்டி தானே அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும் என்று ஆர்வலர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நாங்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டோம். சற்று அகன்ற டயரும் அளவான காற்றும் செய்யும் உதவியில் பாதியைக்கூட பிரேம் செய்வதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

எஃகின் பகை துரு. வியர்வையும் மழைநீரும் உள்ளே தங்கினால் அரிக்கும். எங்களில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் சீட் தண்டைக் கழற்றி கிரீஸ் பூசாமல் விட்டார். அலுமினியத் தண்டு எஃகுக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. சீட் வேண்டிய உயரத்திற்குக் கீழேயே நின்றுவிட்டதால் முழங்காலின் முன்பக்கம் வலி கண்டது. வலிமாத்திரை எழுதித் தரும் தகுதி உடையவர் ஆகையால் தாமே எழுதிக்கொண்டார். கடைசியில் தண்டை அறுத்தெடுத்து சீட்டை உயர்த்திய பிறகே வலி போயிற்று. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். அதிகம் மடிந்தாலும் விறைத்து நீண்டாலும் துன்பமே. கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தாழ்ந்து வளைந்த ஹேண்டில்பார் வேண்டாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கை நரம்பு அழுந்துகிறது என்று அறிக. அதே பிரேமில் உயரமான நேர் ஹேண்டில்பாரைப் பொருத்திக்கொள்ளலாம்.

இனி எங்கள் தாளில் எழுதாமல் விட்டவை. எப்போது தொடங்கலாம் என்பது உங்கள் இதயத்தின் இறைக்கும் திறனைப் பொறுத்தது. அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் மார்பெலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். அதற்குமுன் ஹேண்டில்பாரில் எடையை ஊன்றுவதும் கீழே விழுவதும் ஆபத்து. மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு உயராது. ஆதலால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். மிதிக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே அளவு. மார்பில் இறுக்கம் தோன்றினால் உடனே இறங்கி உட்கார்ந்து, மருத்துவர் தந்த மாத்திரையை நாவின் அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். எவ்வகையிலும் வண்டியை மிதித்து வீடு திரும்ப முயலாதீர்கள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் கிளம்புமுன் தொடையில் ஊசி போட்டால் அது விரைவாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வயிற்றில் போடுங்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது. தலையில் அடிபட்டால், சிறு அடியானாலும், மருத்துவமனைக்கு வாருங்கள்.

எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். முக்கொம்புக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் எப்போதும் காற்றை எதிர்த்தே கிளம்புங்கள். காற்றோடு உற்சாகமாக வெகுதொலைவு போய்விட்டுத் திரும்பி வர முடியாமல் தவித்தவர்களைக் கண்டிருக்கிறோம்.

வீட்டாரின் அச்சத்தை நாங்கள் எள்ளவில்லை. எங்கள் சாலைகளில் பேருந்துகள் வரும் வரத்து எங்களுக்கும் தெரியும். விடியற்காலை வெளிச்சம் வந்த பின், நெரிசல் தொடங்குமுன், தெரிந்த தெருவில் ஓட்டட்டும். முதல் சில நாள் நீங்களும் கூடச் செல்லுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் சிலர் இன்று அறுபது வயதில் சர்க்கரை நோயோடு எங்களிடம் வருகிறார்கள். இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று மருமகளும் பேரனும் தடுப்பதாகச் சொல்கிறார்கள். அன்று ஊராரின் கேலியை மீறிக் கற்றவர்களை இன்று வீட்டில் உள்ளவர்கள் இறக்கிவிடுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் தாளில் அந்தப் பழைய வரியை எடுத்துவிட்டோம். நடை, படி, சைக்கிள், தாம்பத்தியம், பளு தூக்குதல் ஒவ்வொன்றுக்கும் எப்போது, எவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தருகிறோம். எழுதாமல் விட்டிருந்தால் கேளுங்கள்.

பெரியவரின் மகன் ஐப்பசியில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது பெரியவர் எங்கள் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். நிறுத்துமிடத்திற்கு அழைத்துச் சென்றோம். குழாய்கள் கூடும் இடங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "பத்தவச்சவன் கைகாரன்" என்றார். பிறகு குனிந்து, பெடல் அச்சு சுழலும் கூட்டைக் கைக்கடியால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் நிற்கிறது என்றார். அந்த ஞாயிறு முக்கொம்பு போகவில்லை. கழற்றிக் கவிழ்த்தபோது அரை டம்ளர் செந்நீர் வழிந்தது.