கோல் அடித்த அன்று மட்டும் நம்மவர்

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் தோற்றது. 22 ஆண்டுகளுக்குப் பின் வங்கதேசத்துக்குக் கிட்டிய வெற்றி அது. இங்கிலாந்தில் பிறந்து, லெஸ்டர் கழகத்தில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி அன்று வங்கதேசத்துக்காக ஆடினார். அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் கூடிய எங்கள் வாசகர் வட்டத்தில், எடுத்துக்கொண்ட நாவல் ஒருபுறம் கிடக்க, பேச்சு முழுதும் இதைச் சுற்றியே சுழன்றது. "நம் இரத்தம் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது, அதைத் திரட்டி அழைத்து வந்தால் போதும்" என்றார் நண்பர் ஒருவர். பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பின் மீதுதான் எங்களுக்கு வழக்கு.

இந்த "நம் இரத்தம்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருபவர் நீல் டெய்லர். இடப்புறத் தடுப்பாட்டக்காரர். 1989இல் வட வேல்ஸின் செயின்ட் அசாஃபில் பிறந்தவர். அருகிலுள்ள ரூத்தினில் வளர்ந்தவர். தாய் கொல்கத்தாவிலிருந்து வந்தவர். சிறுவயதில் மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் இருந்து, பதின்வயதில் வெளியே அனுப்பப்பட்டார். ரெக்ஸம் என்ற சிறிய கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து 2010இல் ஸ்வான்ஸீ. அதே ஆண்டில் வேல்ஸ் தேசிய அணி. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணிக்கும் ஆடினார். வேல்ஸ்காரராகவும் பிரித்தானியராகவும் ஒருசேர இருப்பதில் அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை.

தடுப்பாட்டக்காரரின் வாழ்வு பிறர் கண்ணில் படாத வாழ்வு. அவர் சரியாகச் செய்யும் வேலை எதுவும் ஆட்டத்தின் கணக்கில் ஏறாது. தவறினால் மட்டுமே பெயர் உச்சரிக்கப்படும். அப்படிப்பட்டவருக்கு 2016 ஜூன் 20 அன்று துலூஸ் நகரில் ஒரு கணம் வாய்த்தது. ஐரோப்பியக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிரான ஆட்டம். இருபதாவது நிமிடத்தில் அவர் அடித்த பந்தைக் கோல்காவலர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மீண்டும் அடித்து வலைக்குள் சேர்த்தார். வேல்ஸுக்காக அவர் அடித்த முதல் கோல். வேல்ஸ் 3–0 என வென்று, பிரிவில் முதலிடம் பெற்று, அரையிறுதி வரை போயிற்று. அப்போதுதான் இந்திய ஊடகங்கள் விழித்தன. கொல்கத்தாவின் பேரன், இந்தியாவின் மைந்தன் என்று கொண்டாடத் தொடங்கின.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. 2017 மார்ச் 24, டப்ளின். உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று. டெய்லரின் மூர்க்கமான ஒரு தடுப்பில் அயர்லாந்து அணித்தலைவர் ஷேமஸ் கோல்மனின் கால் முறிந்தது. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். அந்த இரவு "எங்கள் மைந்தன் செய்த பிழைக்கு வருந்துகிறோம்" என்று இந்தியாவிலிருந்து ஒரு குரலேனும் எழுந்ததா? எங்கள் செவிக்கு எட்டவில்லை. கோலில் பங்கு கேட்ட உறவு, சிவப்பு அட்டையில் பங்கு கேட்கவில்லை. நல்ல நாளில் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, கெட்ட நாளில் கதவடைக்கும் சொந்தத்தை நம் ஊரில் என்ன பெயரிட்டு அழைப்போம் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வங்காளிகளை மட்டும் சுட்டிவிட்டுத் தமிழர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. அதே வட வேல்ஸில், ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் விமல் யோகநாதன். நடுக்கள ஆட்டக்காரர். 2023இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு ஆடியதும் தமிழ்கூறு நல்லுலகம் புல்லரித்தது. அந்தப் பையனை அதிகாலையில் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற பெற்றோருக்கும், அவனுக்குப் பந்தைக் கற்றுத்தந்த வேல்ஸ் பயிற்சியாளர்களுக்கும் அந்தப் புல்லரிப்பில் எத்தனை விழுக்காடு ஒதுக்கினோம்? இலக்கியத்தில் மட்டும் நாம் வேறா? பாரிஸில் அகதியாக வாழ்ந்து எழுதிக்கொண்டிருந்த ஷோபாசக்தியைப் படிக்காத பலர், அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற மறுநாள் அவரை "நம்மவர்" ஆக்கிக்கொண்டதை நாம் கண்ணாரக் கண்டவர்கள்தாமே?

இது ஊடகத்தின் சிறுபிள்ளைத்தனம், இதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த மனநிலைதான் நம் சட்டத்திலும் உறைந்திருக்கிறது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005இல் நடைமுறைக்கு வந்த ஓசிஐ அட்டை, பெயரில் குடியுரிமை என்று சொல்லிக்கொண்டாலும், வாக்குரிமை தராத நீண்டகால நுழைவுச்சீட்டே. 2008இல் விளையாட்டு அமைச்சகம், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரே இந்தியாவுக்காக ஆடலாம் என்று தெளிவாக்கியது. கால்பந்தின் உலக அமைப்பான ஃபிஃபாவும் குடியுரிமையைத்தான் கேட்கிறது. எனவே ஒருவர் இந்தியச் சட்டையை அணிய வேண்டுமானால் தான் பிறந்த நாட்டைக் கைகழுவிவிட்டு வர வேண்டும். ஜப்பானில் பிறந்து, தந்தைவழி இந்தியரான அரதா இஸூமி அப்படித்தான் ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், தாய்வழி மும்பை உறவுடையவர், 2025இல் அந்நாட்டுக் கடவுச்சீட்டைத் துறந்து இந்தியரானார். அவர்களுடைய துணிவை வணங்குகிறோம். அந்தத் துணிவைக் கட்டாயமாக்கும் விதியை வணங்க எங்களால் இயலாது.

உற்றுப் பாருங்கள். "இவன் எங்கள் மைந்தன்" என்று கூவும் ஊடகமும், "அந்த நாட்டைத் துறந்து வா" என்று கட்டளையிடும் சட்டமும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அந்தப் பிள்ளையை வளர்த்த மண்ணை, மைதானத்தை, மனிதர்களை இல்லையென்று ஆக்குகின்றன. ஒன்று சொல்லால் அழிக்கிறது. மற்றது தாளால் அழிக்கிறது.

இரு நாட்டுக்கு ஒருவன் உண்மையாக இருக்க முடியுமா என்று தேசபக்தர்கள் கேட்பார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது வேடிக்கை. விழுப்புரத்தில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறி உட்காருங்கள். வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. 1954 வரை இந்தக் கோடுகள் இரண்டு தேசங்களின் எல்லைகள். ஒரே வெயிலில் ஒரே வேர்க்கடலையைப் பயிரிட்ட உழவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஆட்சியின் கீழும் மற்றவர் ஆங்கிலேய ஆட்சியின் கீழும் இருந்தனர். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அங்கு பிறந்து வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி எழுதிக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரு தேசங்கள்.

பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' தாத்தாக்களை இந்தப் பக்கத்தில் அறியாதவர் உண்டோ? ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். மாசி மகத்தன்று அதே கடற்கரையில் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். பிரான்சின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுத்தும் எடுத்தும் இருக்கிறோம். இதனால் எந்தத் தேசம் இடிந்து விழுந்தது? ஈருலகப் பற்று என்பது இங்கே நோய் அன்று, அன்றாடம்.

இன்னொரு மறுப்பும் வரும்: வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளூர்ப் பிள்ளையின் வாய்ப்புப் போய்விடும் என்பார்கள். உள்ளூர்ப் பிள்ளையின் மீது திடீரெனப் பிறந்த இந்தக் கரிசனம் எங்களைத் திகைக்க வைக்கிறது. எங்கள் பக்கத்தில் கோடையில் ஏரி வற்றினால்தான் மைதானம் பிறக்கிறது. ஐப்பசி மழையில் அது மூழ்கிவிடுகிறது. வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கோல்கம்பம் நட்டு, வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகளை நாங்கள் மாலைதோறும் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாவட்டமான கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் என்ற பெண் இந்திய அணி வரை சென்றார். நாம் போட்ட பாதையில் அவர் நடந்து சென்றார் என்று சொல்ல நமக்கு வெட்கம் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளின் வாய்ப்பைப் பறித்தது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு அன்று. நம் அசட்டை.

உரிமை கோருவதையே நாங்கள் மறுக்கவில்லை. கோரும் முறை ஒன்று உண்டு. டெய்லரோடு அந்த 2016 அணியில் தற்காப்பை நடத்திய அணித்தலைவர் ஆஷ்லி வில்லியம்ஸ் பிறந்தது இங்கிலாந்தின் வோல்வர்ஹாம்ப்டனில். பாட்டன்வழி உறவைப் பற்றிக்கொண்டு வேல்ஸ் அவரை அழைத்தது. எப்போது? 2008இல், ஸ்டாக்போர்ட் என்ற கீழ்ப்பிரிவுக் கழகத்தில் யாரும் கண்டுகொள்ளாத தடுப்பாட்டக்காரராக அவர் இருந்தபோது. புகழுக்கு முன்பே அழைத்தது; அழைத்தபின் எட்டாண்டுகள் பொறுமையோடு உடன் நின்றது. அதே வோல்வர்ஹாம்ப்டனின் கழக அணிக்குத் தலைவராக இருந்தவர், பஞ்சாபித் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த தடுப்பாட்டக்காரர் டேனி பாத். இந்தியச் சட்டை அவருக்குக் கிட்டவில்லை. மூன்று மில்லியன் சொச்சம் மக்கள்தொகை கொண்ட நாடு அரையிறுதிக்குப் போனதற்கும், நூற்று நாற்பது கோடிப் பேர் டாக்காவில் தலைகுனிந்ததற்கும் இடையிலுள்ள தொலைவு இரத்தத்தில் இல்லை.

ஆகவே எங்கள் தரப்பைச் சுருங்கச் சொல்கிறோம். இரட்டைக் குடியுரிமைக்குக் கதவைத் திறவுங்கள். இலங்கை அதைத் திறந்திருக்கிறது. ஜெர்மனியில் வளர்ந்த தடுப்பாட்டக்காரர் கிளாவ்டியோ காமர்க்னெக்ட் இன்று இலங்கைக்கு ஆடுகிறார். வருபவரைத் தாய்வீட்டைத் தூற்றிவிட்டு வரச் சொல்லாதீர்கள். வராதவரை, டெய்லரைப் போல் தன்னை வளர்த்த நாட்டுக்கே ஆடி முடித்தவரை, அவருடைய நாட்டின் பிள்ளையாகவே மதியுங்கள். அவர் தாயின் ஊரைச் சொல்லி அவர் உழைப்பைத் திருடாதீர்கள். பெருமைப்பட்டே ஆக வேண்டுமென்றால், மழையில் மூழ்காத மைதானம் ஒன்றை விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் எங்கேனும் அமைத்துவிட்டு, பத்தாண்டு காத்திருந்து பெருமைப்படுங்கள். அந்த மைதானத்திலிருந்து புறப்படும் பிள்ளை நாளை வேறொரு நாட்டுக்கு ஆடினாலும், "இவன் எங்களிடம் பந்தைக் கற்றவன்" என்று சொல்லும் தகுதி அன்று நமக்கு இருக்கும்.

அதுவரை, எங்கோ ஒரு நகரில் யாரோ ஒரு தாய் வளர்த்த பிள்ளை அடிக்கும் கோலுக்கு நாம் கைதட்டலாம். கைதட்ட மட்டும்தான் நமக்கு உரிமை.