நாய்க்கு மெத்தை போட்ட ஓட்டல்

போன மாசம் சென்னையில ஒரு பெரிய ஓட்டல்ல ரெண்டு ராத்திரி தங்கினேன். நானும் எங்க நாய் மணியும். விஷயம் தெரிஞ்சு போன் பண்ணினவங்க எல்லாம், "நீங்களா? ஓட்டலா? அதுவும் நாயோடவா?"ன்னு சிரிச்சாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா இங்கயே எழுதிடறேன். ஓட்டல் எப்படி இருந்ததுன்னும் சொல்றேன், அங்க எனக்கு உறைச்ச ஒரு விஷயத்தையும் சொல்றேன்.

ஏன் போனேன்னு முதல்ல சொல்லணும். எங்களுக்கு செஞ்சிப் பக்கம் மூணு ஏக்கர். அதுல ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதைத்தான் நாங்க மல்லாட்டைன்னு சொல்றோம். மலையை ஒட்டி கொல்லை வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், காய் பிடிக்கிற நேரத்துல காட்டுப்பன்னி எறங்கினா என்ன ஆகும்னு. மண்ணைக் கிளறி, செடியைப் பெரட்டிப் போட்டுட்டுப் போயிடும். காலையில போய்ப் பார்த்தா வயிறு எரியும். மணி வந்து நாலு வருசம் ஆகுது. ராத்திரி அவன் குரைக்கிற விதத்துலயே வந்திருக்கிறது பன்னியா, ஆளான்னு எனக்குத் தெரிஞ்சிடும். அதனால, "ஒரு தெருநாய்க்கா இவ்வளவு செலவு?"ன்னு கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்லலை.

மணியைத் திண்டிவனம் ரோட்டுல ஒரு கார் அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. பின்னங்கால் தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. ரோட்டோரம் கிடந்தவனைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, சாக்குல சுத்தித் தூக்கிட்டு வந்தது எங்க ஊர் டிரைவர் தம்பி. காலனியில வீடு. ஒரு பழைய ஆம்னி வேன் வச்சு வாடகைக்கு ஓட்டறாரு. எங்க கால்நடை டாக்டர் பார்த்துட்டு, "கட்டுப் போட்டா நிக்காது, உள்ள பிளேட் வைக்கணும். வேப்பேரிக்குக் கொண்டு போங்க"ன்னு சொன்னாரு. அதே வண்டியில கிளம்பினோம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல தொடங்கினது. நூத்தி இருபது வருசம் தாண்டியும் இன்னைக்கும் ஏழை எளியவங்களுக்கு அதுதான் கதி. வரிசையில எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஆட்டோட நின்னாரு. பின்னாடி ஒரு அம்மா பஞ்சு மாதிரி முடி வச்ச வெளிநாட்டு நாயைக் குழந்தை மாதிரி தூக்கிட்டு நின்னாங்க. நடுவுல நானும் மணியும். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துட்டு, "நாளைக்கு ஆபரேஷன், மறுநாள் ஒருதடவை காட்டிட்டு ஊருக்குப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்ப ரெண்டு ராத்திரி எங்கயாவது தங்கணும்.

பக்கத்துல மூணு லாட்ஜ் கேட்டோம். நாயைப் பார்த்ததுமே கை ஆட்டிட்டாங்க. பெங்களூர்ல இருக்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். பத்து நிமிசத்துல, "அப்பா, ரூம் போட்டாச்சு. நாயைக் கூட்டிட்டுப் போகலாம். பணம் கட்டிட்டேன், நீங்க எதுவும் கேக்காதீங்க"ன்னா. கேக்காம இருக்க முடியுமா? ஒரு ராத்திரிக்கு 4,800 ரூபா. நாய்க்குத் தனியா 1,500. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல நம்ம மாநிலத்துக்கு வச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபா. நாலரை நாள் கூலி, மணி படுத்து எந்திரிக்க!

சரி, ஓட்டலைப் பத்திச் சொல்றேன். பேர் வேண்டாம். நல்லதையும் கெட்டதையும் சொல்லப் போறேன், பேரைப் போட்டா அது வேற மாதிரி போயிடும்.

உள்ள நுழைஞ்சதும் எலுமிச்சம்புல் வாசனை. சுவர் முழுக்கப் பழைய கதவு, பழைய மரப்பெட்டி. எங்க தாத்தா வீட்டுல செல்லரிச்சுப் போச்சுன்னு அடுப்புல வச்ச மாதிரிக் கதவுக்கெல்லாம் அங்க விளக்குப் போட்டு வச்சிருக்காங்க. வரவேற்புல இருந்த பொண்ணு மணியைப் பார்த்து முகம் சுளிக்கலை. முதல்ல அவனுக்குத்தான் கிண்ணத்துல தண்ணி வந்தது, அப்புறம்தான் எனக்கு. ஒரு பாரம் குடுத்தாங்க. நாய் பேரு, வயசு, எடை, வெறிநோய்த் தடுப்பூசி எப்பப் போட்டதுன்னு கேட்டிருந்தது. தடுப்பூசி அட்டை கையில இருந்தது. நீங்களும் நாயோட வெளியூர் போனா அதை மறக்காதீங்க, அது இல்லைன்னா உள்ள விடமாட்டாங்க. இனம்னு ஒரு கட்டம் இருந்தது. "எங்க ஊர் நாய்ம்மா"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே 'இண்டி'ன்னு எழுதிக்குச்சு. டவுன்ல நம்ம நாட்டு நாய்க்கு இப்ப அதுதான் பேராம்.

ரூம்ல மணிக்குன்னு வட்டமா ஒரு மெத்தை, அதுக்கு ஒரு போர்வை, ரெண்டு கிண்ணம், கழிவு அள்ள ஒரு கட்டு பை. சாப்பாட்டு அட்டையில நாய்க்குன்னு தனிப் பக்கம். உப்பு காரம் போடாத கோழியும் சோறும், வேக வச்ச பரங்கிக்காய். வாங்கிக் குடுத்தேன், நல்லாவே சாப்பிட்டான். ராத்திரி பத்துக்கு மேல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதை ஓட்டல் பையன்கிட்ட ஒரு தடவைதான் சொன்னேன், ஞாபகம் வச்சிருந்து தண்ணிக் கிண்ணத்தைக் கூட அவனே வந்து கேட்டு எடுத்துட்டுப் போனான். அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சைப் பிளாஸ்டிக் புல்லு விரிச்ச மொட்டைமாடிதான் வீண். மணி அதை மோந்து பார்த்துட்டு என்னைப் பார்த்தான். ஒண்ணுக்குப் போகலை. கடைசியில அடிச்சு முடிச்ச தெருவுக்கே தூக்கிட்டுப் போய், ஒரு வேப்பமரத்துக்கிட்ட விட்டேன்.

இப்ப எனக்கு உறைச்ச விஷயம்.

மணி பதினாறு கிலோ. கால் முறிஞ்சவனை ஒரு ஆள் தூக்கினா வலியில கத்துவான். அதனால வண்டியில இருந்து ஓட்டல் வாசல் வரைக்கும் நானும் டிரைவர் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் போர்வையைப் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தோம். வாசல்ல ஓட்டல் ஆளுங்க ஒரு டிராலியில துண்டு விரிச்சு வாங்கிக்கிட்டாங்க. லிப்ட் கதவு திறந்துச்சு. டிராலி போச்சு, நான் போனேன். தம்பி பின்னாலயே வந்தாரு. காவலாளி கையைக் குறுக்க நீட்டி, "டிரைவருங்க கீழ பார்க்கிங்ல"ன்னாரு. தம்பி ஒரு வார்த்தை பேசலை. மணி தலையை ஒருதரம் தடவிக் குடுத்துட்டுத் திரும்பிட்டாரு. கதவு மூடிக்கிச்சு.

அந்த நேரத்துல எனக்கு எதுவும் தோணலை. அதைத்தான் நான் சொல்ல வர்றேன். எனக்கு எதுவுமே தோணலை.

காலையில ஆஸ்பத்திரிக்குப் போக கீழ வந்தேன். தம்பி கண்ணு ரெண்டும் செவந்திருந்தது. "தூங்கலியா?"ன்னு கேட்டேன். "பேஸ்மென்ட்ல கொசுண்ணே. கண்ணாடியைத் தூக்கினா புழுங்குது, எறக்கினா கடிக்குது. அங்க கக்கூஸும் இல்லை. பங்க் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தேன்"னாரு. அப்புறம் அவரே சொன்னாரு: "ஓட்டல்ல டிரைவருக்குப் படுக்க இடம், குளிக்க, கக்கூஸ் போக வசதி எல்லாம் வைக்கணும்னு கவர்மென்ட்டே விதி போட்டிருக்குண்ணே. யாரு கேக்கறா?"

அவர் சொன்னது சரிதான். 2023-ல தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல், லாட்ஜ்ல தங்க வர்றவங்களோட டிரைவருங்களுக்குத் தங்கும் கூடமும் கழிப்பறையும் இருக்கணும், எட்டு கார் நிறுத்துற இடத்துக்கு ஒரு கட்டில்னு கணக்கும் வச்சிருக்கு. தமிழ்நாட்டுல ராத்திரிப் பயணம் முழுக்க டிரைவரோட கண்ணுலதான் ஓடுது. அவர் தூங்கலைன்னா மறுநாள் வண்டியில இருக்கிற அத்தனை பேர் உசுருக்கும் ஆபத்து. இரக்கத்துக்காக இல்லாட்டியும் நம்ம உசுருக்காகவாவது அவர் தூங்கணும்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. சாயங்காலம் மயக்கம் தெளியாத மணியோட ஓட்டலுக்கு வந்தேன். நேரா வரவேற்புக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "நாய்க்கு மெத்தை போடறீங்க, மனுசனுக்கு ஒரு பாய் இல்லையா? இதுக்குப் பேரு விருந்தோம்பலா?"ன்னு கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது.

அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு கம்ப்யூட்டரைப் பார்த்துச்சு. "சார், டிரைவருக்குத் தனி ரூம் எங்ககிட்ட இல்லை, அது தப்புதான். ஆனா உங்க ரூம் ரெண்டு பேருக்கானது. நீங்க ஒருத்தர் பேர்தான் குடுத்திருக்கீங்க. அவரோட ஆதார் குடுத்தா நேத்தே உங்ககூடத் தங்கியிருக்கலாம். கூட ஒரு ரூபா கட்ட வேண்டியதில்லை"ன்னுச்சு.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

ரெண்டு பேர் படுக்கிற கட்டில். ஒரு பக்கம் நான். கீழ மெத்தையில மணி. மறுபக்கம் ராத்திரி முழுக்கக் காலியாத்தான் கிடந்தது. காவலாளி கையை நீட்டினாரு, சரி. ஆனா, "அவர் என்கூட வந்தவர், மேல வரட்டும்"னு நான் ஏன் சொல்லலை? பணம் காரணம் இல்லை. விதி காரணம் இல்லை. அவர் என் பக்கத்துல படுப்பாருன்னு என் புத்திக்கே எட்டலை. அவ்வளவுதான்.

இது எங்க இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். இந்தத் தம்பியோட அப்பா எங்க அப்பா காலத்துல எங்க கழனியில ஏர் ஓட்டினவரு. எங்க அப்பாவை 'ஆண்டே'ன்னுதான் கூப்பிடுவாரு. மத்தியானம் கூழ் குடிக்க அவருக்குன்னு ஒரு அலுமினியக் குண்டான் மாட்டுக்கொட்டாய் எரவாணத்துல சொருகி இருக்கும். அதை அவரே எடுத்து, அவரே கழுவி, அங்கயே சொருகிட்டுப் போவாரு. அப்பவும் எங்க வீட்டுல நாய் இருந்தது. அது திண்ணையில படுக்கும், நடையில படுக்கும், மழை பேஞ்சா அடுப்படி வரைக்கும் வந்து சுருண்டுக்கும். எங்க அம்மா திட்டுவாங்களே தவிர வெரட்ட மாட்டாங்க. அந்த மனுசன் ஒருநாளும் நடையைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயசுல அதை நான் ஒரு கேள்வியாவே நினைக்கலை.

இப்ப குண்டான் இல்லை. தம்பி என்னை 'அண்ணே'ன்னு கூப்பிடறாரு, நானும் 'தம்பி'ன்னுதான் கூப்பிடறேன். டீக்கடையில ஒரே கிளாஸ்ல குடிக்கிறோம். காலம் மாறிடுச்சுன்னு நானே பல தடவை பேசியிருக்கேன். அந்த லிப்ட் கதவு மூடினப்பத்தான் எவ்வளவு மாறியிருக்குன்னு தெரிஞ்சது.

அன்னைக்கு ராத்திரி கீழ போய்த் தம்பியைக் கூப்பிட்டேன். "வேணாம்ணே, வண்டியில சாமான் இருக்கு"ன்னாரு. என்ன சாமான்? ஒரு ஸ்டெப்னி, ஒரு காலி சாக்கு. வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன். குளிச்சாரு. போர்வையை எடுத்துத் தரையில விரிச்சாரு. "மேல படுங்க"ன்னேன். "பரவாயில்லைண்ணே"ன்னாரு. மூணாவது தடவை சொன்னப்ப என் முகத்தைப் பார்த்துட்டு, ஓரமா, விழற மாதிரி விளிம்புல படுத்தாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் தூங்கலை. மணி மட்டும் நல்லாத் தூங்கினான். கொஞ்ச நேரம் கழிச்சு தம்பி இருட்டுல, "எங்கப்பா இருந்திருந்தா இதை நம்பியிருக்க மாட்டாருண்ணே"ன்னாரு. சந்தோசமாச் சொன்னாரா, குத்திச் சொன்னாரான்னு எனக்குப் புரியலை. திருப்பிக் கேக்கவும் தைரியம் வரலை.

நாயை உள்ள விடற ஓட்டல் தப்புன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. இன்னும் நிறைய வரணும். வாயில்லா ஜீவனுக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைக்கிற இடம் நல்ல இடம்தான். ஆனா அதே ஓட்டல் டிரைவருக்கும் ஒரு கட்டில், ஒரு கக்கூஸ் வைக்கணும். அது தர்மம் இல்லை, விதி. டவுன்ல இருக்கிற நீங்க ரூம் போடும்போது நீச்சல்குளம் இருக்கா, நாயை விடுவாங்களான்னு கேக்கறீங்க இல்லையா? கூடவே, "டிரைவர் எங்க தூங்குவாரு?"ன்னும் கேளுங்க. வாடகை கட்டறவங்க பத்துப் பேர் கேட்டா, ஓட்டல்காரங்க இடம் கட்டுவாங்க. கிராமத்துல இருக்கிற நாங்க கேட்டுக்க வேண்டியது வேற கேள்வி. அதை மேலயே எழுதிட்டேன்.

மணி இப்ப மூணு காலால நடக்கிறான், நாலாவது காலை லேசா ஊணிப் பார்க்கிறான். அடுத்த மாசம் மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போகணும். நேத்து மகள் போன் பண்ணி, "அதே ஓட்டலாப்பா?"ன்னு கேட்டா.

"எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு பேர் பேரையும் போட்டு எடு. நாயை விடுவாங்களான்னு அப்புறம் கேட்டுக்கலாம்"னு சொன்னேன்.