ஏழையின் பெயரால் எட்டுக் கோபுரங்கள்

மலையேறுவது வேலையற்ற செல்வரின் பொழுதுபோக்கு என்றும், பூங்காவைக் காக்க வேண்டும் என்பது வயிறு நிறைந்தோரின் கூக்குரல் என்றும் கூறுவோர் இந்நாட்டில் பலர். தமிழரிடையே இக்கருத்து இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடியிருக்க வீடில்லாதவனுக்குக் காடு எதற்கு, கூலிக்கு உழைப்பவனுக்குக் காற்று வாங்க நேரம் ஏது என்று கேட்டுவிட்டு, அத்துடன் விவாதம் முடிந்தது என்று எண்ணி எழுந்து செல்வோர் உளர். இக்கேள்வி ஏழைக்காகக் கேட்கப்படுவதுபோல் தோன்றும். ஆனால் அதன் பயன் யாரைச் சென்று சேர்கிறது என்பதைக் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா நிகழ்ச்சி வெட்டவெளிச்சமாக்கியுள்ளது.

முதலில் மலையேற்றக் கழகங்கள் எத்தகையவை என்று காண்போம். விடுமுறை நாள்களில் கதிரவன் எழுமுன் மலையடிவாரத்தில் கூடும் அக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார், காய்கறிக் கடைக்காரர் இருப்பார், தாதியர் இருப்பர், பேரப்பிள்ளையின் கைபிடித்து வரும் மூதாட்டியும் இருப்பார். ஒரு தண்ணீர்ப் புட்டி, ஓர் ஊன்றுகோல், தேய்ந்த காலணி. இவையே அவர்தம் செல்வம். குழிப்பந்து ஆடுவதற்கு உறுப்பினர் கட்டணம் வேண்டும். குதிரை ஏறுவதற்குக் குதிரை வேண்டும். மலை ஏறுவதற்கோ இரண்டு கால்கள் போதும். பினாங்கு மலைப்பாதைகளில் தொண்டர்கள் தண்ணீரையும் தேயிலையையும் தோளில் சுமந்து சென்று, வழிப்போக்கர் யாவருக்கும் தேநீர் வழங்கும் வழக்கம் உண்டு. கட்டணமின்றி எல்லா இனத்தாரும் தோளோடு தோள் உரசி நடக்கும் இடங்கள் இந்நாட்டில் எத்தனை எஞ்சியுள்ளன? செல்வர்க்குத் தத்தம் மனையிலேயே தோட்டம் உண்டு. பொதுப் பூங்கா அழிந்தால் மூச்சுத் திணறப்போகிறவர் அடுக்குமாடியில் இரண்டு அறைகளுக்குள் வாழ்பவரே.

புக்கிட் கியாரா மலையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணத் தவறுவதில்லை. அடர்ந்த மரங்களுக்கிடையே, முறையான வரிசையின் சுவடு கலையாமல், முதிர்ந்த பால்மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் தென்படும். பலர் அதனை இயற்கைக் காடு என்று எண்ணிக் கடந்துபோகின்றனர். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தழும்புகளைப் பதித்த கைகளுள் தமிழர் கைகள் பல. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாகப் பால்வெட்டி, வாளி சுமந்தவர்கள் அவர்கள். கோலாலம்பூர் வளர்ந்தபோது தோட்டத்தை அரசு பொதுப் பயனுக்கெனக் கையகப்படுத்தியது. அதன்பின் அந்நிலப்பரப்பில் குழிப்பந்துத் திடல் எழுந்தது. குதிரையேற்றக் கழகம் எழுந்தது. தோட்டத் தொழிலாளருக்கு என்ன கிடைத்தது? 1980களின் தொடக்கத்தில் அவர்கள் மலையடிவாரத்தில் தற்காலிக நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நிரந்தர வீடு வரும் என்பது அன்று தரப்பட்ட உறுதி. தற்காலிகம் என்ற அச்சொல் நாற்பது ஆண்டுகள் நீண்டது. பலகையும் தகரமும் கொண்ட அவ்வீடுகளில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தன.

அந்நீண்ட வீடுகளை உள்ளடக்கி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டிப் பரந்திருப்பதே தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர். 2017ஆம் ஆண்டு ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அதில் ஏறத்தாழ 12 ஏக்கரில் கட்டடம் எழுப்ப மேம்பாட்டு உத்தரவு வழங்கியது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு ஆடம்பர அடுக்குமாடிகளும், 29 மாடியில் மலிவு விலை வீட்டுத் தொகுதி ஒன்றும் அத்திட்டத்தில் அடங்கும். எதிர்ப்புக் கிளம்பியவுடன் திட்டத்தை ஆதரித்தவர்கள் எடுத்துக் காட்டியது அந்த எட்டுக் கோபுரங்களையா? அன்று. ஒன்பதாவதாக நின்ற அந்த ஒற்றைத் தொகுதியையே அவர்கள் முன்னே நிறுத்தினர். தோட்டத் தொழிலாளருக்கு வீடு கிடைப்பதை வசதி படைத்த அண்டை வீட்டார் தடுக்கின்றனர் என்று பறை சாற்றினர். ஏழையின் குடிசையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் எட்டுக் கோபுரங்கள் மறைந்து நின்றன.

இவ்வாதத்தைச் சற்றே உரசிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். நூறு குடும்பங்களுக்கு வீடு கட்டுவதே நோக்கமாயின் ஒரு தொகுதி போதும். அதற்கு 12 ஏக்கர் வேண்டியதில்லை. அவர்கள் குடியிருந்த நிலத்திலேயே நிரந்தர வீடுகளைக் கட்டிக்கொடுத்து, எஞ்சிய பூங்காவைப் பூங்காவாக விட்டிருக்கலாம். பூங்காவைக் காக்கப் போராடியோரும் அதையே கேட்டனர். கட்டுமானச் செலவுக்குப் பணம் வேண்டாமா என்பது அடுத்த வினா. வேண்டும்தான். ஆனால் அக்கடன் யாருடையது? தோட்டத்தைக் கையகப்படுத்தி, வீடு தருவதாக உறுதியளித்த ஆட்சியின் கடன் அது. அதனைத் தீர்க்க ஊர்ப் பொதுமக்களின் பூங்காவை விற்பது, அண்ணன் பட்ட கடனுக்குத் தம்பியின் மாட்டை அவிழ்த்து ஓட்டிச் செல்வதற்கு ஒப்பாகும். குழிப்பந்துத் திடலுக்கு நிலம் தேடியபோது எழாத பணக் கேள்வி, பால்வெட்டியவனுக்கு வீடு என்றவுடன் மட்டும் எழுவானேன்?

குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவர்களுடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் தளரவில்லை. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு உத்தரவை நீக்கியது. நிலத்துக்கு உரிமை பெற்றிருந்த அறநிறுவனத்தின் அறங்காவலருள் மாநகர் மன்றத் தலைவரும் ஒருவராக இருந்தார். அனுமதி கேட்ட தரப்பிலும் கொடுத்த தரப்பிலும் ஒருவரே நின்ற அந்த முரண்பாட்டையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் நளினி பத்மநாதன். நகரின் கட்டமைப்புத் திட்டம் அலமாரியில் அடுக்கி வைப்பதற்குரிய ஏடு அன்று. அது சட்டப்படி பிணிக்கும் ஆவணம். அதிலிருந்து விலகினால் அதற்குக் காரணம் கூறியாக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பூங்கா என்று வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிவிட்டு, இரவோடிரவாக வண்ணம் மாற்றும் கலைக்கு அன்று ஒரு தடை விழுந்தது.

வெற்றி பெற்றவர் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. மலையேறுவோர் அந்நீண்ட வீடுகளின் அருகே எத்தனை ஆண்டுகள் நடந்தனர்! தகரக் கூரைக்குக் கீழே வாழ்பவர் யார், எங்கிருந்து வந்தனர், ஏன் இன்னும் அங்கேயே இருக்கின்றனர் என்று கேட்டவர் எத்தனை பேர்? பூங்காவுக்கு ஆபத்து வந்த பின்னரே பலருக்கு அக்குடும்பங்களின் நினைவு வந்தது. ஆகவே அக்குடும்பங்களுள் சிலர் கோபுரத் திட்டத்தையே வரவேற்றதில் வியப்பில்லை. நாற்பது ஆண்டு காத்திருந்தவனிடம் வேறொரு நல்ல திட்டம் வரும், பொறு என்று சொல்லும் தகுதி எவருக்கும் எளிதில் வாய்ப்பதன்று. மரத்தைப் பேர் சொல்லி அறிந்தவர், அம்மரத்தில் பால் எடுத்தவரின் பேரை அறியாதிருப்பது அறிவும் அன்று, அறமும் அன்று.

இனி, கியாரா ஒன்றே இந்நிலைக்கு ஆளானது என்று எண்ண வேண்டா. தலைநகரின் நடுவே நிற்கும் புக்கிட் நானாஸ் 1906ஆம் ஆண்டு காட்டு ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 17 ஹெக்டருக்கு மேல். இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 9 ஹெக்டரே. 1990களில் அதன் உச்சியில் கோலாலம்பூர் கோபுரத்தை எழுப்பியபோது, நூறாண்டு கடந்த ஒரு ஜெலுத்தோங் மரத்தைக் காக்கப் பெரும்பொருள் செலவிட்டுத் தடுப்புச் சுவர் கட்டினர். நற்செயல்தான். எனினும், ஒரு மரத்தைக் காத்த கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லி, குறைந்துபோன காட்டின் கதையை மறக்கச் செய்துவிட்டனர். சிவன் கோயில் அமைந்த காசிங் மலைக்கு நேர்ந்ததோ இன்னும் விந்தை: பெட்டாலிங் ஜெயா பக்கச் சரிவு பசுமைப் பூங்கா, கோலாலம்பூர் பக்கச் சரிவு வீட்டு மனை. மழைநீருக்கு எல்லைக்கோடு தெரியுமா? 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டதை அறிந்த ஊரில், மலைச்சரிவை மனையாக்குவதற்கு முன் கை நடுங்க வேண்டாமா?

சிலாங்கூரில் கோலா லங்காட் வடக்குக் காட்டு ஒதுக்கீட்டின் பெரும்பகுதியை நீக்கும் அறிவிப்பு 2020இல் வெளிவந்தது. அக்காட்டை நம்பி வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் எதிர்த்தனர், பொதுமக்களும் எதிர்த்தனர். எனினும் 2021இல் ஒரு பகுதியின் காப்புநிலை நீக்கப்பட்டது. செய்தி பரவி மக்கள் கொதித்தெழவே, அவ்வாண்டு செப்டம்பரிலேயே மாநில அரசு தன் முடிவை மீட்டுக்கொண்டது. வாய் திறந்ததால் காடு நின்றது.

இவ்விடத்தில் தமிழாசிரியரிடம் ஒரு சொல். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும் என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் ஒலிக்கிறது. மாணவர் மனப்பாடம் செய்கின்றனர், தேர்வில் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். பள்ளிக்கு இரண்டு கல் தொலைவில் நிற்கும் மலையின் பெயரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. தோட்டம் துண்டாடப்பட்டால் பள்ளிக்கும் கோயிலுக்கும் என்ன நேரும் என்பதைத் தமிழ் ஆசிரியருக்கு வேறொருவர் கற்பிக்கத் தேவையில்லை. நிலம் கைமாறும்போது யார் முதலில் வெளியேற்றப்படுகிறார் என்னும் பாடத்தைப் பட்டறிந்த சமுதாயமே, பொது நிலம் பறிபோகும்போது அது பிறர் வழக்கு என்று ஒதுங்கி நிற்பது எத்தகைய முரண்!

மாணவர் பத்துப் பேரைக் கியாரா மலைக்கு அழைத்துச் செல்லப் பெருஞ்செலவு ஆகாது. பால்மரத்தின் தழும்பைத் தொட்டுக் காட்டலாம். நிரை, வாளி, லயம், பெரட்டு, கங்காணி என்னும் சொற்களை அவை வாழ்ந்த மண்ணிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். மலையேற்றக் கழகங்களில் தமிழர் சேரலாம். சேர்ந்து, நீண்ட வீட்டாரின் கோரிக்கையை அக்கழகங்களின் கோரிக்கையாகவே மாற்றலாம். மாநகர் மன்றம் வளர்ச்சித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, எழுத்தறிந்த தமிழர் அதனைப் படித்து, குறித்த நாளுக்குள் மறுப்புரை எழுதி அனுப்பலாம். அங்கே தமிழ்ப்பெயர் தாங்கிய கடிதம் ஒன்றுகூட இல்லையாயின், தமிழ் ஏழையின் பெயரைப் பிறர் எடுத்தாள்வதைக் கண்டு பின்னர் சினப்பதில் பொருளில்லை.