சட்டை மாற்றும் மலேரியாக் கிருமி

சித்த வைத்தியரே ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்வதா என்று முகம் சுளிக்கிறீர்களா? மலேரியா விஷயத்தில் சொல்லத்தான் வேண்டும்.

கொசுவின் வயிற்றில் இந்தக் கிருமியை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார். 2002-ல் கிருமி, கொசு இரண்டின் மரபணு வரிசையும் வெளியாயின. இந்தக் கிருமியின் தந்திரத்தைக் கேளுங்கள். மூளை வரை பாதிக்கும் ஃபால்சிபாரம் கிருமி நம் சிவப்பணுவுக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே ஒரு புரதச் சட்டையை மாட்டிவிடுகிறது. அதற்கென்றே சுமார் 60 மரபணுக்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றவை தூங்கும். உடம்பின் எதிர்ப்புசக்தி அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிப்பதற்குள் இன்னொன்று விழித்துக்கொள்ளும்... புதுச் சட்டை! கொசுவுக்குள் போனால் வேறு மரபணுக்கள் வேலைக்கு வரும். எமகாதகக் கிருமி!

இதைப் போய், "நிலவேம்புக் கஷாயம் குடிச்சா சரியாயிடுமே டாக்டர்" என்றால் எப்படி? நிலவேம்பை நானும்தான் தருகிறேன். காய்ச்சல் தணிவது வேறு, கிருமி ஒழிவது வேறு. மூலிகையை மட்டம் தட்டவில்லை. சீன மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்த தூ யூயூ 2015-ல் நோபல் பரிசே வாங்கினார். ஆனால், சோதித்து நிரூபித்த பிறகு!

நடுக்கத்தோடு விட்டுவிட்டுக் காய்ச்சலா? அன்றைக்கே ரத்தம் கொடுங்கள். மலேரியா என்றால், காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். கஷாயமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.