கயிற்றை எப்போது விடுவது?

மட்டக்குதிரை என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ரயிலடியில் நின்ற ஜட்கா வண்டிதான் நினைவுக்கு வரும். ஜட்காக்கள் போய்விட்டன. ஆனால் மாமல்லபுரம் கடற்கரையில் இன்றும் சவாரிக்குக் குதிரைகள் நிற்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் ஆசைக்காகக் குதிரை வளர்க்கும் குடியானவர்களும் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், "நான் தனியாக ஓட்டட்டுமா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இதற்குப் பெரியவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். "தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானே வரும்" என்று ஏற்றிவிட்டுக் கயிற்றை விடுகிறவர்கள் ஒரு சாரார். பத்து வயதானாலும் கயிற்றை விடாதவர்கள் இன்னொரு சாரார். இரண்டுமே தவறு என்பது என் அபிப்பிராயம். வயதைப் பார்த்தோ, பிள்ளையின் தைரியத்தைப் பார்த்தோ கயிற்றை விடக் கூடாது. ஓட்டத் தெரிந்தால் போதாது. நிறுத்தத் தெரிய வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பேரன் நன்றாக உட்காருகிறான் என்று ஒரு நாள் கயிற்றை விட்டேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். குதிரை மிரண்டு ஓடியது. நிறுத்தத் தெரியாத பையன் பிடரியைக் கட்டிக்கொண்டு விழுந்தான். கை எலும்பு முறிந்தது. கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் தெளிய ஒரு வருஷம் ஆயிற்று. குற்றம் குதிரையுடையதும் அல்ல, பையனுடையதும் அல்ல, என்னுடையது.

முதலில் குதிரையைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குத் துடியான இளங்குதிரை ஆகாது. வயதான, சாதுவான குதிரையே நல்ல வாத்தியார். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 40 கிலோவே வரம்பு.

ஏறுவதற்கு முன் ஒரு மாதம் பிள்ளை தரையில் நின்றே பழகட்டும். புல் போடட்டும், ஊறவைத்த கொள்ளு வைக்கட்டும், உடம்பைத் தேய்த்துவிடட்டும். குதிரைக்கு நேர் பின்புறம் கண் தெரியாது. ஆகையால் குரல் கொடுத்துக்கொண்டு தோள் பக்கமாகவே அண்ட வேண்டும். காதைப் பின்னால் மடக்கினால் கோபம் என்று அறிய வேண்டும். இங்கிலாந்தில் 1929ல் தொடங்கிய போனி கிளப்பும் சவாரியோடு பராமரிப்பையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்திறங்கிய குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறை நம் பிள்ளைகளிடம் தொடர வேண்டாம்.

பிறகு சவாரி. முதலில் பெரியவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையின் தோளருகே நடக்க வேண்டும். அடுத்து, கயிறு கையில் இருந்தாலும் தொய்வாக இருக்க, கிளம்புவது, திருப்புவது, நிறுத்துவது மூன்றையும் பிள்ளையே செய்ய வேண்டும். அதன் பின் நீண்ட கயிற்றில் வட்டமாக நடைபழக்கலாம். வெவ்வேறு இடத்தில், மூன்று நாள் தொடர்ந்து, சொன்ன இடத்தில் பிள்ளை குதிரையை நிறுத்திக் காட்டினால் கயிற்றை அவிழ்க்கலாம். அப்போதும் நடை மட்டுமே, ஓட்டம் பிறகு. காலை வெயில் ஏறுமுன் 20 நிமிஷம் போதும்.

இடமும் முக்கியம். வேலியடைத்த மணற்பாங்கான தோட்டம் நல்லது. சவுக்கு வெட்டிய நிலத்தில் அடிக்கட்டைகள் இருக்கும், வெடிப்பு விட்ட வயலில் குளம்பு சிக்கும், இரண்டும் ஆகாது. கடற்கரையானால் அலை நனைத்த கெட்டி மணலில் நடத்துங்கள். புதைமணலில் குதிரையின் கால் நரம்பு கெட்டுப்போகும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே போக வேண்டாம்.

தலைக்கவசம் அவசியம், தாடைப் பட்டையையும் மாட்ட வேண்டும். வெறுங்காலோடு அங்கவடியில் கால் வைத்தால் பாதம் உள்ளே நுழைந்து, விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு போகும். குதிகால் உயர்ந்த பூட்ஸ் இல்லையென்றால், அங்கவடியே இல்லாமல் மெத்தை விரித்து ஏற்றுவது மேல். லாயத்து மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும். பிள்ளைக்கு 5, 10, 16 வயதுகளில் போட வேண்டிய ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். தவறவிடாதீர்கள். குதிரைக்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

குதிரை இல்லாத வீடுகளுக்கும் இது பொருந்தும். வண்டி மாட்டின் கயிற்றைப் பிள்ளை கையில் கொடுப்பதும் இதே சங்கதிதான். பிள்ளை கேட்கிறதே என்று அவசரப்படவும் வேண்டாம், நமக்குப் பயமாக இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நிறுத்தக் கற்றுக்கொடுங்கள், கற்றுக்கொண்டானா என்று சோதியுங்கள், பிறகு தாராளமாகக் கயிற்றை விடுங்கள்.